திண்ணையை இரவல் வாங்கலாமா? கமெண்ட், போல் விட்ஜெட் பற்றி ஒரு குறிப்பு

சின்னதாக ஒரு வெப்சைட் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "எழுதிப் போட்டாச்சு. படிக்கிறவங்க பதில் சொல்ல ஒரு கமெண்ட் பெட்டி வேணும், ஓட்டுப் போட ஒரு போல் வேணும். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் நமக்கு ஆகாது. என்ன பண்ணலாம்?"

ரெடிமேடாகவே கிடைக்கிறது. டிஸ்கஸ் மாதிரி ஒரு சேவையில் கணக்கு தொடங்கினால் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் கொடுப்பார்கள். அதை பக்கத்தின் அடியில் ஒட்டினால் பெட்டி வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தச் சில வரிகள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டு ஒட்டுவது நல்லது.

வாசகர் உங்கள் பக்கத்தைத் திறந்ததும் அந்த ஸ்கிரிப்ட் அவர்களுடைய சர்வருக்குப் போய், "இந்த முகவரிக்கு யார் யார் என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்கிறது. வருகிற பதிலை உங்கள் பக்கத்துக்குள் ஒரு சட்டம் போட்டுக் காட்டுகிறது. உங்கள் சைட்டில் ஒரு கமெண்ட்கூடச் சேமிக்கப்படுவதில்லை. வீடு நம்முடையது, திண்ணை மட்டும் அடுத்தவருடையது.

கவனிக்க வேண்டிய இடம் அந்த "முகவரி". தனியாக ஓர் அடையாள எண் கொடுக்காவிட்டால், பக்கத்தின் யூ.ஆர்.எல். தான் சாவி. எச்.டி.டி.பி.யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாறினாலோ, டொமைன் பெயரை மாற்றினாலோ சாவி மாறிவிடும். பழைய கமெண்ட் அழிந்திருக்காது, ஆனால் உங்கள் பக்கத்தில் தெரியாது. தமிழிலேயே முகவரி வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. "திருவண்ணாமலை" யூனிகோடில் 12 குறியீடுகள். ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் யூ.ஆர்.எல்.லில் சதவீதக் குறியோடு 3 எழுத்து. ஆக ஊர்ப் பெயர் ஒன்றே 108 எழுத்து ஆகிவிடுகிறது! (எண்ணிக்கை பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.) வாட்ஸப்பில் கை மாறும்போது இதில் பாதி வெட்டுப்பட்டுப் போவதும் உண்டு. அதனால் விட்ஜெட் போடும் அன்றே ஒவ்வொரு கட்டுரைக்கும் முகவரியைச் சாராத ஓர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

சாவி சரியாக இருந்தாலும் கடையே மூடினால்? தமிழ் வலைப்பதிவுகள் இதைப் பார்த்திருக்கின்றன. பிளாக்கரில் சொந்த கமெண்ட் வசதி வந்ததே 2004 மே மாதத்தில்தான். அதற்கு முன்பு 2003 வாக்கில் எழுத வந்தவர்களில் பலர் ஹாலோஸ்கேன் என்ற இலவசப் பெட்டியை ஒட்டியிருந்தார்கள். பிறகு அதை ஜேஎஸ்-கிட் என்ற நிறுவனம் வாங்கி, எக்கோ என்ற கட்டணச் சேவைக்கு மாறுங்கள், இல்லையென்றால் கமெண்ட்களைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. அந்த எக்கோவும் 2012இல் மூடப்பட்டது. பதிவு எழுதுவதையே விட்டுவிட்டவர்கள் யார் வந்து இறக்குவார்கள்? கட்டுரை இன்னும் இருக்கிறது, அதற்குக் கீழே நடந்த சண்டையும் திருத்தமும் போய்விட்டன.

இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு கமெண்ட் என்பது அலங்காரம் இல்லை. கிரிவலப் பாதையில் ஒரு குளத்தைப் பற்றி எழுதினால், "தம்பி, எங்க தாத்தா காலத்துல அதுக்கு வேற பேரு" என்று ஒரு பெரியவர் வந்து சொல்வார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் அது. சொன்னவர் திரும்ப வந்து சொல்ல நாளை இருக்க வேண்டுமே.

தமிழ்மணத்தின் வாக்குப் பட்டை நினைவிருக்கிறதா? 2004இல் தொடங்கிய அந்தத் திரட்டியின் பட்டையை ஒட்டாத தமிழ்ப் பதிவு அப்போது அபூர்வம். அந்த மாதிரிப் பழைய ஸ்கிரிப்ட்களில் ஒரு குணம்: தன் சர்வர் பதில் சொல்லும்வரை மீதிப் பக்கத்தை வரவிடாது. சர்வர் படுத்தால் உங்கள் கட்டுரையும் வெள்ளையாக நிற்கும். பௌர்ணமி இரவில் அந்த 14 கிலோமீட்டர் பாதையில் நின்று போனைத் திறந்து பாருங்கள், சிக்னல் எவ்வளவு திணறும் என்று தெரியும். கிரிவல நேரம் பார்க்க வந்தவரை ஓட்டுப்பட்டைக்காகக் காக்க வைப்பது என்ன நியாயம்? ஸ்கிரிப்ட் வரியில் "அசிங்க்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இப்போது வரும் விட்ஜெட்கள் தாங்களே சேர்த்துத்தான் கொடுக்கின்றன.

இலவசத்துக்கு விலை? டிஸ்கஸின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும். 2017இல் அதை ஜீட்டா குளோபல் என்ற மார்க்கெட்டிங் நிறுவனம் வாங்கியது. 2021இல் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், வாசகர்களை அனுமதியில்லாமல் பின்தொடர்ந்ததாகச் சொல்லி 25 மில்லியன் குரோனர் அபராதம் விதிக்கப் போவதாக அதற்கு அறிவிப்பு அனுப்பியது. கமெண்டே எழுதாமல் படித்துவிட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

போல் விஷயத்தில் எனக்கு இவ்வளவு கவலை இல்லை. கூகுள் ஃபார்ம்ஸோ, முன்பு போல்டாடி என்று இருந்த கிரவுட்சிக்னலோ, எதை வேண்டுமானாலும் ஒட்டுங்கள். முடிவை ஒரு வரியில் கட்டுரையிலேயே எழுதிவிட்டால் விட்ஜெட் போனாலும் நஷ்டமில்லை. எண்ணிக்கையை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். ஒரு ஆள் ஒரு ஓட்டு என்பதை குக்கீ வைத்துப் பார்த்தால் இன்காக்னிட்டோவில் இன்னொரு ஓட்டு போடலாம். ஐ.பி. வைத்துப் பார்த்தால், மொபைல் நெட்வொர்க்கில் பல போன்கள் ஒரே ஐ.பி.க்குப் பின்னால் இருப்பதால், நியாயமாக வந்தவருக்கு "நீங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சு" என்று வரும்.

கமெண்டுக்கு என் யோசனை: மாதம் வாடகை கொடுத்து ஒரு சின்ன சர்வர் வைத்திருந்தால் ஐஸ்ஸோ போடுங்கள். எல்லாம் எஸ்க்யூலைட் கோப்பு ஒன்றில் இருக்கும், டிஸ்கஸ் கமெண்டையும் இறக்குமதி செய்யும். ஸ்பேம் வரும், அதனால் நீங்கள் பார்த்த பிறகே வெளியாகும்படி வையுங்கள். கிட்ஹப்பை நம்பி ஓடும் கிஸ்கஸ் அழகானதுதான், ஆனால் குளத்தின் பழைய பெயர் தெரிந்த பெரியவருக்கு கிட்ஹப் கணக்கு இருக்காது.

சர்வரே வேண்டாம், வாரத்துக்கு மூணு கமெண்ட்தான் வருது என்றால் ஒரு மெயில் முகவரி போதும். வருவதை அனுமதி கேட்டு, பெயரும் தேதியும் போட்டு, கட்டுரைக்குக் கீழே நீங்களே ஒட்டிவிடுங்கள். டிஸ்கஸ்தான் வேண்டும் என்பவர்கள் மாதம் ஒருமுறை அட்மின் பக்கம் போய் ஏற்றுமதி பட்டனை அழுத்துங்கள், எக்ஸ்.எம்.எல். கோப்பு மெயிலுக்கு வரும்.