இரண்டு கணினிகள், ஒரே கோப்பு

தக்கலைப் பக்கத்தில் நான் பாடம் நடத்தும் மதரஸாவில் ஒரு பழைய கணினி, இல்லத்தில் மற்றொன்று. அங்கே தொடங்கிய வேலையை இங்கே முடிக்கலாம் என்று, ஒன்றில் உள்ள மென்பொருள்களையும் கோப்புகளையும் மற்றதிலும் அப்படியே அமைக்க முனைந்தேன்.

முதல் நாளே வினாத்தாள் காலை வாரியது. மதரஸாவில் அழகிய தமிழாக இருந்தது, வீட்டில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தது. "இது எந்த மொழிப் பரீட்சை?" என்றார் என் துணைவியார்.

காரணம் எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இருக்கைகளில் தமிழை அமர்த்தியவை. நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசையும் வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டித் 'தாம்', 'தாப்' என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. யூனிகோடு முறையிலோ 1991லேயே தமிழுக்கெனத் தனியாக 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் அதைக் கொண்டுவந்தது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆயினும் நம் பழைய கோப்புகள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அதே எழுத்துருவை இரு கணினிகளிலும் நிறுவலாம்; யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான வழி. அச்சுக்கு மட்டும் என்றால் பி.டி.எஃப். போதும், எழுத்துருவைத் தன்னுள்ளேயே சுமந்து செல்லும்.

மென்பொருளும் இரண்டிலும் ஒரே பதிப்பாக இருத்தல் நலம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸை நிறுவினேன். விலைக்கு வாங்குவோர் உரிமத்தில் எத்தனை கணினிகளுக்கு அனுமதி என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. இரு பக்கக் கோப்புகளையும் ஒப்பிட்டு, பழையதன்மேல் புதியதை எழுதும் ஒத்திசைவு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினேன். எது புதியது என்பதை அது கோப்பின் தேதியைக் கொண்டே முடிவு செய்யும். கணினியின் தாய்ப்பலகையில் நாணய வடிவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடச்செய்வது அதுவே. மதரஸாக் கணினியில் அது செத்துவிட்டது. தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிற்று. இணைய இணைப்பும் இல்லாததால் தானாகத் திருந்தவில்லை. அன்று நான் முழுதாக நிரப்பிய ஆண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலுக்குப் பழைய தேதி. வீட்டிலோ பிள்ளைகளின் பெயர்கள் மட்டுமிருந்த வெற்றுப் பட்டியல். அதையே புதியதென்று கருதி, நிரப்பியதன்மேல் எழுதிவிட்டது மென்பொருள்! அதன்மீது குற்றமில்லை, சொன்னதைச் செய்தது.

ஒரு பக்கம் கைதவறி அழித்தாலும் மறுபக்கம் அழியும்படி அமைக்கலாம் என்பதையும் அப்போதே அறிந்தேன். ஆகவே, ஒத்த இரண்டு பிரதிகள் காப்புப் பிரதி ஆகா. இப்போது மூன்றாவது பிரதி ஒரு வெளி வன்தட்டில், கம்பி கழற்றப்பட்டு அலமாரியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுத்துப் பதிகிறேன். ஒத்திசைக்கும் முன் இரு கடிகாரங்களையும் பார்க்கிறேன்.

மின்கலத்தையும் மாற்றியாயிற்று. விடைத்தாள்கள் பழைய காகிதக்காரரிடம் போகவில்லை. என் மகள் ஒவ்வொன்றாக வாசிக்க, இஷாவுக்குப்பின் அமர்ந்து மதிப்பெண்களை மறுபடி தட்டச்சு செய்து முடித்தேன்.