சேவலின் கால்முள்

உங்கள் வீட்டுச் சேவலின் கால்முள் நீண்டு வளைந்திருக்கிறதா? நடக்கும்போது இடறும், மிதிக்கும்போது பெட்டையின் முதுகையும் கிழிக்கும். முள்ளின் மேலுறை நம் நகம் போன்றது. உள்ளே இருப்பது ரத்தம் ஓடும் எலும்பு. அதனால் அடியோடு வெட்டிவிடாதீர்கள். பொழுது சாய்ந்ததும் சேவலைத் துணியில் சுற்றிப் பிடித்து, கூர்நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்குங்கள். எங்காவது மாட்டி மேலுறை கழன்று ரத்தம் வந்தால், சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; நின்றதும் மஞ்சள்தூள் வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தும். புண் ஆறும்வரை தனிக்கூண்டில் விடுங்கள். மேலுறை மீண்டும் வளர்ந்துவிடும். ரத்தம் நிற்காவிட்டாலோ, கால் வீங்கினாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.