இராக்கால முதுகுவலி: ஓய்வில் தீருவதும் தீராததும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பொன்னேரி தாலுகாவின் கடலோரத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது; தென்பகுதி திருவள்ளூர் ஜில்லாவில் அடங்கியது. இதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிமடம் முதலிய குப்பங்களில் வாழும் ஜனங்களுக்கு ஏரியே கழனி, வலையே ஏர்.

பயிரையும் உரத்தையும் பற்றிப் பேசும் இப்பத்திரிகையில் முதுகுவலிக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். வலை இழுப்பவருக்கும் நாற்று நடுபவருக்கும் தேகமே முதல் மூலதனம். அம்முதல் கெட்டபின் நல்ல விதையும் நல்ல வலையும் இருந்து பயனில்லை. ஆதலின், இரவில் வரும் முதுகுவலியில் அஞ்சத்தகாதது எது, அஞ்சத்தக்கது எது என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தொழிலும் முதுகும்

ஏரியில் படகு தள்ளுவோர் கழியை ஊன்றி உடலை முறுக்குகின்றனர். வலை இழுப்போர் ஈரம் ஏறிய பாரத்தைக் குனிந்த நிலையிலேயே தூக்குகின்றனர். இருளர் ஸ்திரீகள் கூடையைப் பல்லிற் கவ்விக்கொண்டு, ஆழமில்லாத நீரில் மணிக்கணக்காகக் குனிந்து சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். மீன் விற்கும் ஸ்திரீகள் கூடையைத் தலையிற் சுமக்கின்றனர். இவ்வேலைகளால் இடுப்புத் தசைகளும் நரம்புகளும் முதுகெலும்பின் வட்டுகளும் நோவது இயல்பே. இத்தகைய நோவு அசையும்போது மிகும், படுத்தாற் குறையும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். முதுகுவலிகளுள் மிகப் பெரும்பான்மை இவ்வகையினவே.

இரவில் வலி தோன்றுவானேன்?

பகலில் வேலையின் மும்முரத்தில் மனம் வலியைக் கவனிப்பதில்லை. இரவில் வேறு நினைவின்றிப் படுக்கும்போது அதே வலி பெரிதாகத் தோன்றுகிறது. குழிந்த கயிற்றுக் கட்டிலும் இதற்குத் துணைசெய்யும்.

மற்றொரு காரணமும் அறியத்தக்கது. முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டுகள் பகலிற் பாரத்தால் நீரை இழந்து சுருங்குகின்றன. இரவில் படுத்திருக்கும்போது நீரை ஏற்று உப்புகின்றன. காலையில் மனிதன் சற்று உயரமாயிருப்பது இதனாலேயே. அவ்வாறு உப்பிய வட்டு, குனியும்போது அதிக அழுத்தத்திற்கு ஆளாகிறது. விழித்தெழுந்தபின் முதற் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்தது என்று 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. விடியுமுன் எழுந்து உடனே படகைத் தள்ளுகிறவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். சிறிது நடந்து உடலைத் தளர்த்தியபின் பாரத்தில் கை வைப்பது நலம்.

ஓய்வில் தீராத வலி

நாள் முழுதும் உழுத மாடு மாலையிற் களைத்துப் படுப்பது வழக்கம். காலையில் எழுந்து தீனி தின்னுமாயின் குடியானவனுக்குக் கவலையில்லை. தொழுவத்திற் கட்டியிருக்கும்போதே அது முனகுமாயின், அன்றே கால்நடை வைத்தியரிடம் ஓட்டிச் செல்கிறான். மாட்டுக்குச் செய்யும் இந்த நியாயத்தைத் தன் முதுகுக்கும் அவன் செய்யவேண்டும். படுத்தும் தணியாத வலி, எப்படிப் புரண்டாலும் மாறாத வலி, தூக்கத்தைக் கலைத்து நாளுக்கு நாள் வளரும் வலி ஆகியவற்றிற்கு உழைப்பு மட்டுமே காரணமென்று எண்ணிவிடலாகாது.

இவற்றுள் நம் நாட்டில் முதலில் நினைக்கவேண்டியது முதுகெலும்பு க்ஷயம். லண்டன் நகர வைத்தியர் பெர்சிவல் பாட் என்பவர் 1779-ல் இதனை விவரித்தமையால் இதற்குப் பாட் வியாதி என்றும் பெயர். க்ஷயம் நுரையீரலையே பற்றும், இருமல் இன்றி வாராது என்பது தவறான எண்ணம். முதுகெலும்பில் அது மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். ஓரிடத்தில் விடாத வலி, மாலை ஜுரம், இராவியர்வை, பசியின்மை, உடல் மெலிவு ஆகியன குறிகள். சிலருக்கு ஜுரமே இராது. கவனியாது விட்டால் முதுகு கூனி, கால்கள் மரத்து, நடையும் போய்விடும்.

இது தீரக்கூடிய வியாதி. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ல் ஏற்பட்ட க்ஷய ஆராய்ச்சி நிலையத்தார், 1970-ஆம் ஆண்டுகளில் முதுகெலும்பு க்ஷயமுள்ளவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாராருக்குப் பெரிய ரண சிகிச்சையும் மருந்தும் அளித்தனர். மற்றவர்களை நடமாடவிட்டு மருந்து மட்டும் கொடுத்தனர். நடமாடி மருந்து உண்டவர்களிற் பெரும்பாலோர் ரண சிகிச்சையின்றியே குணமடைந்தனர். இன்று நரம்பு அழுந்துதல் போன்ற சில நிலைகளுக்கே ரண சிகிச்சை தேவைப்படுகிறது. ஆனால் மருந்தை வைத்தியர் விதித்தபடி ஒரு வருஷமோ அதற்கு மேலோ உண்ணவேண்டும். வலி தீர்ந்ததென்று பாதியில் நிறுத்தலாகாது.

வாலிபர்களைப் பற்றும் முதுகெலும்பு வாதம் ஒன்றும் உண்டு. இது 45 வயதிற்கு முன் மெல்லத் தொடங்கும். இரவின் பிற்பகுதியில் எழுப்பும். காலையில் அரை மணி நேரத்திற்கு மேல் முதுகு விறைத்திருக்கும். நடமாடினால் தணியும், ஓய்வினால் தணியாது. மூன்று மாதத்திற்கு மேல் இவ்வாறு நீடித்தால் வாத வியாதி நிபுணரைக் காணவேண்டும்.

விலாவின் கீழிருந்து அடிவயிற்றை நோக்கி அலையலையாக வரும் கடும் வலி சிறுநீரகக் கல்லாகலாம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைத்து, குடிநீரைக் குறைத்துக்கொள்வோர்க்கு இது வருவதற்கு ஏது அதிகம். முதியோரிடம், சிறப்பாக ஸ்திரீகளிடம், எலும்பு நொய்ந்து சிறு வழுக்கலிலும் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். புற்றுநோய் எலும்பிற் பரவுவதாலும் இராவலி உண்டாகலாம்.

தாமதம் செய்யத்தகாத குறிகள்

பின்வருவன தோன்றின், அந்த இரவே 108 ஆம்புலன்ஸை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்:

(1) சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது மலமோ நீரோ அறியாமற் போதல்;
(2) பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போதல்;
(3) கால்கள் வலுவிழந்து தள்ளாடுதல்;
(4) படகிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தபின் கடும் வலி;
(5) நடுங்கும் ஜுரத்துடன் முதுகுவலி;
(6) திடீரென்று மார்பு அல்லது வயிற்று வலியுடன் முதுகும் வலித்து, வியர்த்து, மயக்கம் வருதல்.

உடல் மெலிவு, மாலை ஜுரம், முன்பு புற்றுநோய் இருந்தமை, 50 வயதிற்கு மேல் புதிதாகத் தோன்றிய வலி, ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், இராவலியுடையவர் சில நாட்களுக்குள் வைத்தியரைக் காணவேண்டும். இவை ஒன்றும் இல்லாவிடினும், நான்கு முதல் ஆறு வாரத்தில் தணியாத வலியைக் காட்டுவது அவசியம்.

வீட்டிற் செய்யத்தக்கவை

சாதாரண வலிக்கு நாட்கணக்கிற் படுத்துக்கிடப்பது நல்லதென்பது பழைய எண்ணம். அது தேறுவதைத் தாமதப்படுத்தும். ஓரிரு நாள் பாரத்தைக் குறைத்து, இயன்ற அளவு நடமாடுவதே மேல். பக்கவாட்டிற் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணையோ மடித்த துணியோ வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுப்பவர் அதனை முழங்காலின் கீழ் வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். பாரம் தூக்கும்போது இடுப்பை வளையாமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்கவேண்டும். கடையில் வலி மாத்திரைகளை வாங்கித் தொடர்ந்து உண்பதும், பெயர் அறியா ஊசிகளைப் போட்டுக்கொள்வதும் தகாது. இவை வியாதியை மறைப்பதோடு வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

யாரிடம் செல்வது?

முதலில் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம். அடுத்து பொன்னேரி சர்க்கார் ஆஸ்பத்திரி. மேற்கொண்டு சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி. க்ஷயத்திற்குரிய பரிசோதனையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஆகாரத்திற்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளிக்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. நடக்க இயலாதவர்க்கு இல்லத்திலேயே உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ல் தொடங்கப்பெற்றது.

ஏரிக்கரையாரிடம் ஒரு தடை இருக்கிறது. பாடு என்னும் முறைப்படி வலையிடும் இடமும் நாளும் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றன. தன் முறை வந்த நாளை இழப்பது குடும்பத்திற்கு நஷ்டமாதலின், வலியை மறைத்து நீரில் இறங்குவோர் உண்டு. அவர்கள் நினைக்கவேண்டியது ஒன்றே. ஒரு பாடு போனால் அடுத்த முறை வரும். கால் மரத்துப் போனவனுக்கு ஏரியே இல்லை. ஊர்ப் பெரியோரும் பங்காளிகளும் நோயாளியின் முறையை அவன் குடும்பத்திற்குக் காத்துக்கொடுத்து, அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாயின் அது பேருதவியாகும். ஓய்விலும் தீராத வலியுடையவர்கள் அடுத்த முறைக்குக் காத்திராமல் வைத்தியரைக் காணும்படி கேட்டுக்கொள்கிறேன்.