பழைய கார் இன்சூரன்ஸ்ல கிளைம் எடுத்தீங்களா? தெரியாம கம்பெனி மாறாதீங்க!

படப்பைல இருந்து ஒரகடத்துக்கு தினமும் கார்ல வேலைக்குப் போற நண்பர் ஒருத்தர் போன மாசம் கேட்டது இது:

"ப்ரோ, வேற கம்பெனில ப்ரீமியம் கம்மியா இருக்கு. ஆனா போன பாலிசில கிளைம் எடுத்தீங்களான்னு கேக்குறாங்க. வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்ல பம்பர் அடிபட்டு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். கொஞ்சம் காசு நான் கட்டினேன். மீதியை அவங்க கிளைம்ல போட்டாங்களான்னு ஞாபகமே இல்ல. ஏஜென்ட் 'இல்லை'ன்னு போடச் சொல்றார். போடலாமா?"

போடாதீங்க. ஏன்னு பார்ப்போம்.

நோ கிளைம் போனஸ்

கிளைம் எடுக்காம ஓட்டினா முதல் வருஷத்துக்கு 20%, அப்புறம் 25, 35, 45, ஐந்தாவது வருஷம் 50% தள்ளுபடி. இது ஓன் டேமேஜ் ப்ரீமியத்துக்கு மட்டும்தான். தேர்டு பார்ட்டிக்குக் கிடையாது. போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் இல்லன்னா, ஒரே ஒரு கிளைம் எடுத்தாலும் ரினியூவல்ல அது 0 ஆகிடும்.

ஓன் டேமேஜ் ப்ரீமியம் 10,000 ரூபாய்னு வைங்க. 35% போனஸ்னா மிச்சம் 3,500. ஆனா அந்த போனஸ் பொய்யான தகவல்ல வாங்கினதுன்னா, நாளைக்கு 80,000 ரூபாய் ரிப்பேர் பில் வரும்போது புது கம்பெனி பழைய கம்பெனிகிட்ட விசாரிக்கும். கிளைம் ரிஜெக்ட் ஆகலாம். ஃபார்ம்ல 'இல்லை'ன்னு டிக் பண்ணது ஏஜென்டா இருந்தாலும், பொறுப்பு உங்க தலைலதான் விழும்.

விவரம் வாங்குறது எப்படி?

1. பழைய பாலிசி நம்பர், வண்டி நம்பரை எடுத்து வைங்க. பாலிசி காப்பி தொலைஞ்சிருந்தா மெயில்ல தேடுங்க. எந்த கம்பெனின்னே மறந்துட்டா எம்-பரிவாகன் ஆப்ல பாருங்க.

2. பாலிசில பதிவு பண்ண மெயில் ஐடில இருந்தே பழைய கம்பெனிக்கு எழுதுங்க. கிளைம் தேதி, கிளைம் நம்பர், கொடுத்த தொகை, இப்போ எனக்கு எத்தனை சதவீதம் போனஸ்னு நாலையும் கேளுங்க. போன்ல சொன்னா போதாது, எழுத்துல வாங்கணும்.

3. பதில் வரலையா? அதே கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. அங்கயும் தீரலைன்னா ஐஆர்டிஏஐ-யோட 'பீமா பரோசா' தளத்துல புகார் பதிவு பண்ணலாம், இல்லன்னா 155255-க்கு போன் பண்ணலாம்.

பதிலுக்குக் காத்திருக்கணுமேன்னு பாலிசியைக் காலாவதி ஆக விட்டுடாதீங்க. முடிஞ்சு 90 நாள் தாண்டினா இருக்கிற போனஸும் போயிடும். அதனால ரினியூவலுக்கு ஒரு மாசம் முன்னாடியே மெயில் போடுங்க.

ஏற்கனவே தப்பா சொல்லி பாலிசி எடுத்தாச்சா? விபத்து நடக்குறதுக்கு முன்னாடியே புது கம்பெனிக்கு எழுதி, வித்தியாசத் தொகையைக் கட்டி சரி பண்ணிடுங்க.

நம்ம நண்பருக்கு என்ன ஆச்சு? நாலாவது நாள் பதில் வந்துச்சு. பம்பர் வேலை கிளைம்லதான் போயிருக்கு. போனஸ் 0. மூவாயிரத்து ஐநூறு ரூபாய் கூடக் கட்டினார். முகம் கொஞ்சம் வாடிப்போச்சு. ஆனா அடுத்த தடவை கார் அடிபட்டா, இந்தக் காரணத்தைச் சொல்லி அவர் கிளைமை யாரும் தடுக்க முடியாது.