ஸ்கேன் படத்தில் பெயர் யாருக்காக?



நம் உறுப்பினர் ஒருவர் போன வருடம் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. செல்போனை மேசைமேல் வைத்து, "இது எம்பொண்ணோட ஸ்கேனுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எனக்கே அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கு எப்படிங்க போச்சு?" என்று கேட்டார்.

விசாரித்தோம். மகளுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழுவில் அவசரக் கடன் கேட்டார். கடனுக்கு ஆதாரமாக ஸ்கேன் நகல் வேண்டும் என்பது விதி. பிரதிநிதிகள் எல்லோரும் சீக்கிரம் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும் என்று ஊக்குநர் அதைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். படத்தின் மேலே பெண்ணின் பெயர், வயது, அப்பா பெயர், தேதி எல்லாம் தெளிவாக இருந்தது. நாலு கை மாறி, பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கே அது போய்ச் சேர்ந்தது. "கர்ப்பப்பையில கட்டியாமே, குழந்தை பிறக்குமா?" என்று ஆரம்பித்து சம்பந்தமே நின்றுபோனது. மாதவிலக்குச் சுழற்சியில் வந்து தானே மறைகிற வகைக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை யார் கேட்டார்கள்?

ஊக்குநரை மட்டும் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நகல் வைக்க வேண்டும் என்று விதி போட்டதே நாங்கள்தான். நகலில் என்னென்ன இருக்கும் என்று அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பெயரே வேண்டாம் என்று சொல்லலாமா?

கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறோம். சிகிச்சைக்குப் போகும் அசல் படத்தில் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே நாளில் ஐந்து லட்சுமிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் இடத்தில் படம் மாறிப்போனால், ஒருவருக்குச் செய்ய வேண்டிய ஆபரேஷன் இன்னொருவருக்கு நடந்துவிடும். காப்பீட்டுக்கும் பெயர் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது 'எஃப்' படிவம் ஒன்று நிரப்புவார்கள். பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், முகவரி அதில் இருக்கும். கருவின் பாலினத்தைத் தெரிந்துகொள்வதைத் தடுக்கும் 1994 சட்டத்தின்படி அதை 2 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதை அழிக்கச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஆகவே அசலில் கை வைக்காதீர்கள். டாக்டரையும் சிகிச்சையையும் தாண்டி வெளியே போகிற நகலில்தான் பெயரை எடுக்க வேண்டும். பாடம் நடத்த, ஆராய்ச்சி செய்ய, கம்ப்யூட்டருக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்க என்று ஸ்கேன்கள் வெளியே போகின்றன. இது தப்பான காரியம் இல்லை. மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் இருக்கலாம் என்று கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் முறையை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் பரிந்துரை செய்தது. யாரோ முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் அந்தக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. அந்த ஆயிரம் பேரில் நாமும் ஒருத்தியாக இருக்கலாம். பெயர் மட்டும் வெளியே போகக் கூடாது.

பெயர் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

மேல் மூலையில் எழுதியிருப்பதை அடித்துவிட்டால் போதும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை.

ஸ்கேன் சென்டரில் சி.டி. கொடுக்கிறார்கள் அல்லவா? அதில் இருக்கும் படம் நம் போனில் எடுக்கும் போட்டோ மாதிரி இல்லை. அதற்கு 'டைகாம்' என்று ஒரு தனி முறை உண்டு. தபால் உறையின் மேல் முகவரி இருக்கிறது, உள்ளே கடிதத்தின் தலைப்பிலும் அதே முகவரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையை மட்டும் கிழித்துப் போட்டால் முகவரி போய்விடுமா? அதுபோல டைகாம் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி எண், எடுத்த நாள், நேரம், சென்டர் பெயர், அனுப்பிய டாக்டர் பெயர் என்று அது நீளும். படத்தில் பெயரை மறைத்தாலும் உள்ளே அது அப்படியே இருக்கும்.

வயிற்று ஸ்கேனில் தொல்லை வேறு மாதிரி. உள்ளே இருக்கும் பட்டியலைச் சுத்தமாகத் துடைத்தாலும், பெயர் எழுத்துகள் படத்தோடு படமாகவே பதிந்திருக்கும். அந்த இடத்தையே கறுப்பாக்க வேண்டும்.

தலை ஸ்கேன் விஷயம் எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. துண்டு துண்டாக எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கினால் மூக்கு, கன்னம், தாடையோடு அவர் முகமே திரும்பக் கிடைத்துவிடுகிறது! அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 2019ல் இதைச் செய்து காட்டினார்கள். பெயர் நீக்கிய 84 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகத்தை உருவாக்கி, போட்டோக்களோடு ஒப்பிடும்படி கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகச் சொல்லிவிட்டது. அதனால் தலை ஸ்கேனை வெளியே கொடுக்கும்போது, மூளையை விட்டுவிட்டு முகப் பகுதியை மழுக்கிவிடும் மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள்.

நகையும் காட்டிக்கொடுக்கும். 2017ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கொடுத்த ஒரு லட்சம் மார்பு எக்ஸ்ரேக்களைக் கூகுள் நிறுவனம் பொதுவில் வெளியிட இருந்தது. இரண்டு நாள் முன்பு அது நிறுத்தப்பட்டது. சில படங்களில் எடுத்த தேதியும், அடையாளம் சொல்லக்கூடிய நகைகளும் அப்படியே இருந்ததுதான் காரணம். எக்ஸ்ரே எடுக்கும்போது சங்கிலியைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறோமே, படம் தெளிவாக விழுவதோடு இதற்கும் அது நல்லதுதான்!

அமெரிக்காவில் 1996ல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் ஒரு விதி இருக்கிறது. பெயர், போன் எண், முகவரி, முழுத் தேதிகள் என்று 18 வகை விவரங்களை எடுத்துவிட்டால் நகலைப் பெயரில்லாதது என்று சொல்லலாம். 89 வயதைத் தாண்டியவர்களின் வயதைக்கூடச் சரியாக எழுதக் கூடாது. ஏன் என்று நம் ஊரை நினைத்தால் புரியும். 96 வயதுப் பாட்டி என்றாலே போதுமே, பெயர் எதற்கு?

பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண் போடுவார்கள். எந்த எண் யாருக்கு என்ற பதிவேடு ஆஸ்பத்திரியில் பூட்டி இருக்க வேண்டும். பதிவேடும் படமும் ஒன்றாகக் கிடந்தால் எண் போட்டும் பயனில்லை. 2019ல் ஜெர்மனியின் கிரீன்போன் என்ற நிறுவனம் பார்த்தபோது, பல நாடுகளில் ஸ்கேன்களைச் சேமிக்கும் கம்ப்யூட்டர்கள் பெயர், பிறந்த தேதியோடு இணையத்தில் பூட்டில்லாமல் திறந்து கிடந்தன. அந்த வரிசையில் இந்தியாவும் இருந்தது.

நாம் கேட்கக்கூடியது

"படிக்காத நாம டாக்டர்கிட்ட போய்க் கேக்க முடியுமா?" என்று ஒரு சகோதரி பயிற்சியில் கேட்டார். கேட்கலாம். நோயாளி யார் என்று தெரியும்படி அவர் படத்தையோ விவரத்தையோ அனுமதியின்றிப் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. மருத்துவப் பதிவேட்டை நாம் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, படிப்படியாக அமலுக்கு வருமாறு வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு என்று கையெழுத்துக் கேட்டால், "என் பெயரை எடுத்துட்டுத்தான் கொடுப்பீங்களா? படத்துக்குள்ள இருக்கிறதையும் எடுப்பீங்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஸ்கேனைப் போனில் படம் எடுக்கும் முன்பே பெயர் இருக்கும் இடத்தின் மேல் பழைய காலண்டர் அட்டையை வையுங்கள். வெறும் தாள் போதாது, வெளிச்சத்தில் எழுத்து தெரிந்துவிடும். படம் எடுத்த பிறகு போனிலேயே கறுப்புக் கோடு இழுப்பவர்கள் உண்டு. அந்தக் கோடு சில போன்களில் கண்ணாடிபோல மெல்லியதாக விழும், வெளிச்சத்தைக் கூட்டினால் பெயரைப் படித்துவிடலாம். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் திரும்ப வரும், அதைப் பாருங்கள். கட்டம் கட்டமாகக் கறுப்புக் குறி இருந்தால் அதையும் மறையுங்கள். சில சென்டர்களில் அதன்மேல் போனைக் காட்டினால் முழு ரிப்போர்ட்டும் திறந்துவிடுகிறது. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பதென்றால் பெயரோடு அனுப்பலாம், ஆனால் அவருக்கு மட்டும். குழுவில் வேண்டாம், ஸ்டேட்டஸில் வேண்டவே வேண்டாம்.

கடன் விதியை மாற்றிவிட்டோம். இனி மருத்துவக் கடனுக்கு ஸ்கேன் நகல் தேவையில்லை. தலைவியோ செயலாளரோ ஒருவர் மட்டும் சீட்டை நேரில் பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் "மருத்துவச் செலவு, ஆதாரம் பார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். என்ன நோய் என்று எழுத வேண்டாம். வங்கியில் நகல் கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். அம்மாவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அதில் குத்தி வைத்திருந்த நகலை எடுத்துக்கொண்டு போனார். உங்கள் புத்தகங்களிலும் அதுபோல நகல்கள் இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பழைய புத்தகங்களையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், பிரித்து எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிடுவோம்.