கைத்திறனும் கைப்பணமும்

மாசி, பங்குனி மாதங்களில் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ மாடிகளை அண்ணாந்து பார்த்தால், வேஷ்டி விரித்து வடாம் காய்வதைக் காணலாம். காக்கைக்குக் காவலாக ஒரு பாட்டியும் ஒரு கறுப்புக் குடையும் இருக்கும். அந்த வடாமில் பாதி சென்னைக்கும் பெங்களூருக்கும் பிரயாணமாகும். கொஞ்சம் கடல் கடந்தும் போகும். பெற்றுக்கொள்பவர்கள், "இதை வியாபாரமாகவே செய்யலாமே!" என்று தவறாமல் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் அநேகர் அதை ஒரு நாளும் விலை கொடுத்து வாங்கியவர்கள் அல்லர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளிச் சீமையில் கைத்திறனுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. உறையூர்த் தறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர்ச் சித்திரக்காரர்கள் அப்பிரகத் தகட்டில் தீட்டிய சிறு படங்களை வெள்ளைக்காரர்கள் கட்டுக் கட்டாக வாங்கிப் போனார்கள். 1887-இல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதற் கதையில், கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். கீர்த்திக்குக் குறைவில்லை. ஆனால் கீர்த்தி வேறு, வரும்படி வேறு.

இதற்குக் கல் வேலையே சரியான சான்று. அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் உண்டாக்கும் முறையை 1902-இல் வெர்னுயி என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் வெளியிட்டார். அத்தகைய கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகப் பரவியது. குச்சியின் நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் அழுத்தி, ஒவ்வொரு முகமாகத் தீட்ட வேண்டும். கோணம் மயிரிழை பிசகினாலும் ஒளி செத்துவிடும். கண்ணும் விரலும் பல வருஷம் பழகினாலன்றி வராத வேலை அது.

அவ்வளவு திறமை இருந்தும் தீட்டியவர் வீட்டில் மிஞ்சியது என்ன? கல் வியாபாரியுடையது. வாங்குபவர் யார் என்பதும் வியாபாரிக்குத்தான் தெரியும். தீட்டியவருக்குக் கிடைத்தது கல் கணக்கில் கூலி. 'அமெரிக்கன் வைரம்' என்று நாம் அழைக்கும் சிர்கோனியாக் கல் 1976 முதல் சந்தைக்கு வந்தது. பிறகு சீனாவிலும் தாய்லாந்திலும் இயந்திரத்தால் தீட்டிய கற்கள் மலிவாக வந்து குவிந்தபோது, கூலி நம்பியிருந்த குடும்பங்களில் பல சாணையை நிறுத்திவிட்டு வேறு வேலை தேட நேர்ந்தது. திறமை குறைந்ததனால் அன்று. கல்லும் சந்தையும் தம் கையில் இல்லாததனால்.

இனி, இதே ஜில்லாவில், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மணப்பாறைக்குப் போவோம். அரிசி மாவும் ஓமமும் எள்ளும் சேர்த்து, இருமுறை எண்ணெயில் பொரித்து எடுக்கும் முறுக்கு. உள்ளூர்த் தண்ணீரின் இலேசான உவர்ப்பே ருசிக்குக் காரணம் என்பர். அது எப்படியாயினும், அந்த முறுக்கு ரயில்வே ஸ்டேஷனில் பிரயாணிகளின் கைக்கு நேராகப் போயிற்று. தின்றவன் ஊர்ப் பெயரோடு சேர்த்து நினைவு வைத்துக்கொண்டான். 2023-இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டுப் பலகாரந்தான், ஆனால் செய்தவனுக்கும் தின்றவனுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

ரயிலடியில் போய் நிற்க எல்லோராலும் இயலுமா என்று சகோதரிகள் கேட்பது நியாயமே. அதற்குப் பம்பாய் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று கிர்காம் பகுதியில் ஏழு ஸ்திரீகள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். முதல் நாள் தேறியவை நான்கு பொட்டலங்கள். 'லிஜ்ஜத்' என்ற பெயரில் அது தேசமெங்கும் பரவிய கதை பலருக்குத் தெரியும். அதன் ஏற்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். கிளையிலிருந்து பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் இட்டு உலர்த்தி, அப்பளமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நம் கல் வேலையும் அப்படித்தானே நடந்தது! ஆனால் அங்கே மாவும் பெயரும் லாபமும் இடுகின்றவர்களுக்கே சொந்தம். ஒவ்வோர் உறுப்பினரும் பங்குடையவர்.

அப்படியானால் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அடுப்பு அன்று, ஒரு நோட்டுப் புத்தகம். கணக்கு வாத்தியார் வேறென்ன சொல்வார் என்று சிரிக்கலாம். இருந்தாலும் ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கிலோ வடாமுக்குச் சாமான் 500 ரூபாய், எரிவாயுவும் பையும் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 200 ரூபாய்க்கு விற்றால் 1,000 கிடைக்கும். 300 ரூபாய் லாபம் என்று மனம் குளிரும். கிண்டுவது, பிழிவது, எடுத்துக் கட்டுவது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் ஆனால், மணிக்குக் கிடைத்தது 25 ரூபாய். கடையில் வைக்க நூற்றுக்கு இருபது கமிஷன் கொடுத்தால் 200 போய்விடும். மணிக்கு எட்டு ரூபாயும் சில்லறையுமே மிச்சம். வீட்டுப் பெண்களின் நேரத்திற்கு விலை கிடையாது என்று நாம் நெடுங்காலமாகப் பழகிவிட்டோம். ஆகையால் அந்த வரியை நோட்டில் எழுதவே கை வருவதில்லை. அதை எழுதிய பிறகு, விலையை ஏற்றுவதா, கடையை விட்டு நேரே விற்பதா, அல்லது ஆசைக்கு மட்டும் செய்து உறவினருக்கே அனுப்புவதா என்பது தானாக விளங்கும். மூன்றாவது முடிவிலும் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

விற்பதென்று தீர்மானித்தவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 14 இலக்கப் பதிவு எண் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். செய்தவர் பெயர், விலாசம், நிகர எடை, விலை, செய்த தேதி இவையும் வேண்டும். இதைச் சிலர் தொந்தரவாக எண்ணுகிறார்கள். ஆனால் அடுத்த முறை வடாம் வேண்டியவர் நேரே எழுதிக் கேட்பதற்கு அந்த விலாசம்தானே வழி!