கொல்லிமலைச் சாமையும் மேற்கோள் கணக்கும்

கொல்லிமலைச் சாமையை ஆய்வு செய்கிறவர் எந்தத் துறைக்காரர்? மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை என்ற இரண்டு ரகங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் தாவரவியல். விளைச்சலைக் கூட்ட வழி தேடினால் வேளாண்மை. சாமையைக் குத்திப் புடைக்கும் வேலை மொத்தமும் பெண்கள் தலையில் விழுந்தது, சாமை அடுப்படியை விட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதினால் சமூகவியல். ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி வந்து சாமைக் காட்டைப் பிடித்துக்கொண்ட கதை பொருளாதாரம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அந்த மலையில் இவை எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவருகிறது. அப்படித்தான் பார்க்கவும் வேண்டும்; விதையைக் காத்துக் கொடுத்துவிட்டு, உமி நீக்க மில் இல்லாமல் விட்டால் யார் விதைப்பார்கள்?

இப்படிப் பல துறைகளில் எழுதும் ஒருவர் பதவி உயர்வுக்குப் போனால், அங்கே முதலில் கேட்கப்படுவது ‘சைட்டேஷன் எத்தனை?’

ஒருவரின் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் அது ஒரு மேற்கோள். இதைத் திரட்டும் ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ தொகுப்பை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் கொண்டுவந்தார். ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேடிப் பிடிக்க நூலகங்களுக்கு அது உதவியது. ஆளை எடைபோடும் வேலை பிறகுதான் அதன்மேல் ஏறியது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ‘எச்-இண்டெக்ஸ்’ கணக்கைச் சொன்னார். ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 40, 18, 9, 5, 4, 1 மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்றவை நான்கு கட்டுரைகளுக்குக் குறையவில்லை. குறைந்தது ஐந்து பெற்றவை ஐந்து கட்டுரைகள் இல்லை. எனவே அவருடைய எச் 4. முதல் கட்டுரை 4,000 மேற்கோள் வாங்கினாலும் இந்த 4 மாறாது. வயது கூடக் கூட இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. இளம் ஆய்வாளரையும் மூத்தவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

துறைக்குத் துறை வழக்கமும் வேறு. உயிர்மருத்துவக் கட்டுரைகள் நீண்ட ஆதாரப் பட்டியலோடு வரும், சீக்கிரம் மேற்கோளும் பெறும். கணிதத்தில் பட்டியல் சிறியது, மேற்கோள் வர ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில் அதே ஆண்டு வெளிவந்தவற்றின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். பல துறைகளில் எழுதியவருக்கு, மொத்தமாகக் கூட்டிய எண் ஒன்றும் சொல்லாது. எங்கே பார்த்து எண்ணினோம் என்பதும் முக்கியம். ஸ்கோப்பஸ் தரவுத்தளம் தேர்ந்தெடுத்த இதழ்களையே பெரும்பாலும் எண்ணுகிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் அறிக்கைகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள்.

பெரிய வெற்றியே கணக்கிலிருந்து நழுவுவதும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டியது. ஒரு புரத அமைப்பைக் கண்டறிந்தவர்கள் அது சரிதானா என்று இன்றும் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று பெயரைச் சொல்லிவிட்டு, மூலக் கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமல் போகிறவர்கள் ஏராளம்.

இந்திய அறிவியலை மேற்கோள்களால் அளந்து பார்த்தவர்களில் முன்னோடி, சென்னைக்காரர் சுப்பையா அருணாச்சலம். சுவாமிநாதன் நிறுவனத்திலும் பணியாற்றிய அவர், ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். சந்தா கட்ட முடியாத கல்லூரியில் இருப்பவர் படிக்க முடியாத கட்டுரையை எப்படி மேற்கோள் காட்டுவார்?

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணை, வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள், ஆய்வில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்டுக்கொண்டது. கொல்லிமலைக்கு அது அப்படியே பொருந்தும். அங்கே ஒரு ஆய்வின் பலனை ஊர் விதை வங்கியில் பார்க்கலாம், சாமைக்கு உமி நீக்கும் மில்லில் பார்க்கலாம். இவை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அந்த ரகங்களைத் தலைமுறைகளாகக் காத்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் கடைசியில் ஒரு நன்றி வரிதான். 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அவர்களை ஒரு படி மேலே வைக்கிறது: காத்துவந்த ரகத்தை உழவர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.